மலிவுச் சீட்டு யாருக்கு மலிவு?

மலிவு என்னும் சொல்லுக்கு மயங்காதார் அரிது. குறைந்த கட்டணத்தில் விமானப் பிரயாணம் என்ற விளம்பரம் இன்று பத்திரிகையிலும் கைத்தொலைபேசியிலும் நாள் தவறாமல் வந்து நிற்கின்றது. ஒரு கம்பனி இன்ன விலை என்கிறது. மறு கம்பனி அதிலும் இரண்டாயிரம் ரூபா குறைவு என்கிறது. எந்தக் கம்பனியின் சீட்டை வாங்குவது நன்று எனச் சிலாபத்திலும் உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் மக்கள் நம்மிடம் வந்து கேட்கின்றனர். சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய கேள்வியா இது என்று சிலர் நகைக்கலாம். சட்டத்தரணியிடமே கேட்கவேண்டிய கேள்வி இது என்பது நமது மறுமொழி. விமானச் சீட்டு ஓர் ஒப்பந்தப் பத்திரம். காணி உறுதியில் கையொப்பமிடுமுன் நான்கு எல்லைகளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் நமது மக்கள், இந்தப் பத்திரத்தை மாத்திரம் விலையைப் பார்த்தவுடன் வாங்கிவிடுகின்றனர்.

ஒரு காலத்தில் விமானம் ஏறுவது செல்வர்க்குரிய காரியமாக இருந்தது. இன்று நிலைமை வேறு. மத்திய கிழக்கில் உழைக்கச் செல்லும் இளைஞனும், மதுரைக்குக் கண் வைத்தியத்துக்கும் வேலூருக்கு இருதய வைத்தியத்துக்கும் செல்லும் முதியவரும், வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ இராமேசுவரத்துக்கோ நேர்த்தி வைத்துச் செல்லும் குடும்பத்தாரும் விமானப் பிரயாணிகளே. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போன காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கப்பட்டது உண்மையே. ஆயினும் நமது கரையோரத்து மக்களுக்குக் காங்கேசன்துறையைவிடக் கட்டுநாயக்காவே அண்மையது. ஆகவே விமானச் சீட்டு இன்று உழவன் வீட்டுச் செலவுக் கணக்கில் ஏறிவிட்ட ஒரு பொருள். அதைப்பற்றிப் பேசுவது பொதுப் பிரச்சினையைப் பேசுவதேயாகும்.

இரத்மலானையும் பாலாவியும்

இலங்கைக்குள்ளேயே மலிவு விமானங்கள் போட்டியிட்டால் நமக்கு நன்மை விளையாதோ என்று கேட்பவர் உளர். வரலாறு என்ன சொல்கிறது? 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. தமிழ் பேசும் மக்களின் மண்ணைத் தொட்டுக்கொண்டு தொடங்கிய சேவை அது. பின்னர் போர் வந்தது, தரைவழி அடைபட்டது. விமானமும் கப்பலுமன்றி வடக்குக்கு வேறு வழி இல்லாத அந்நாட்களில், 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயர் விமானம் இரணைதீவுக்கு அண்மைக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்கள் கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்த்து ஏறியவர்களல்லர். வேறு வழியற்று ஏறியவர்கள். தெரிவு இல்லாத இடத்தில் மக்கள் எத்தகைய ஆபத்தையும் விலை கொடுத்து வாங்க நேர்கிறது என்பதற்கு அந்தத் துயரம் சான்று.

தரைவழி திறந்து, 2014இல் யாழ்தேவியும் மீண்டும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தபின், பொதுமக்கள் பஸ்ஸையும் றெயிலையுமே நாடினர். இத்தீவுக்குள் விமானம் சாமானியரின் வாகனமாக ஒருபோதும் ஆகவில்லை. நமது மாவட்டத்தையே பாருங்கள். பாலாவியில் ஓடுபாதை ஒன்று உண்டு. அது விமானப்படையின் கையில் இருக்கின்றது. பொதுமக்களுக்கான ஒழுங்கான சேவை அங்கு இல்லை. இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறக்க விரும்பும் புத்தளத்தவர் முதலில் தெற்கே கொழும்பையும் தாண்டிச் செல்லவேண்டும். பிறகு விமானமேறித் தாம் புறப்பட்ட திசைக்கே திரும்பிவரவேண்டும்! ஆகவே போட்டிக் கம்பனிகளின் மலிவுச் சீட்டு என்ற கேள்வி, நம்மவரைப் பொறுத்தவரையில், கட்டுநாயக்காவில் தொடங்குகிறது. சென்னையில் இறங்கி இந்தியாவின் உள்நாட்டு விமானத்துக்கு மாறுமிடத்தில் முற்றுகிறது. நாம் கண்ட ஒரு வழக்கும் அங்கேதான் தோன்றியது.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயம் பயிரிடும் ஒருவர், தம் தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்காக மனைவியுடன் மதுரைக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்காவிலிருந்து மதுரைக்கு நேரே செல்லும் சீட்டைவிட, சென்னைக்கு ஒரு கம்பனியிலும், சென்னையிலிருந்து மதுரைக்கு வேறொரு கம்பனியிலும் தனித்தனியே வாங்கினால் மலிவு என்று எவரோ சொல்ல, அவ்வாறே வாங்கினார். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதித்தது. சென்னையில் குடிவரவுச் சோதனை முடித்துப் பொதிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் உள்நாட்டு முனையத்தை அடைந்தபோது இரண்டாவது விமானம் போய்விட்டது. "நீங்கள் குறித்த நேரத்துக்கு வரவில்லை, சீட்டு காலாவதியாயிற்று" என்றனர். முதற் கம்பனியோ, "சென்னையில் இறக்குவதாகச் சொன்னோம்; இறக்கிவிட்டோம்" என்றது. அன்றைய விலைக்குப் புதிய சீட்டு வாங்கவேண்டியதாயிற்று. முதற் சீட்டில் ஆளுக்கு 20 கிலோ பொதி. உள்நாட்டுச் சீட்டில் 15 கிலோ. மீதிக்கும் பணம் கட்டினர். நேரே செல்லும் சீட்டின் விலையைத் தாண்டிச் செலவாயிற்று. கண் தெரியாத முதிய தாய் ஓர் இரவு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

திரும்பி வந்ததும் அவர் பத்திரங்களுடன் நம்மிடம் வந்தார். வாசித்துப் பார்த்தோம். இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். ஒன்றின் தாமதத்துக்கு மற்றொன்று பொறுப்பேற்காது. பயன்படுத்தாத உள்நாட்டுச் சீட்டில் அடங்கிய வரியையும் விமானநிலையக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்கலாம் என்பது மாத்திரம் இந்திய விதிகளில் தெளிவாக இருந்தது. அச்சிறு தொகையைக் கேட்டுப் பெற்றோம். மற்றவை போனவைதாம். ஒரே சீட்டாக, ஒரே பதிவு இலக்கத்தில் வாங்கியிருப்பின், மதுரை வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு கம்பனியைச் சார்ந்திருக்கும். அல்லது சென்னையிலிருந்து இரவு றெயிலில் செல்வதெனத் திட்டமிட்டிருப்பின், மூன்று மணித் தாமதம் இவ்வளவு கேட்டை விளைத்திராது.

சந்தையில் கழிவு, சீட்டில் கழிவு

உழவர் பெருமக்களுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சந்தைக்கு நூறு கிலோ கொண்டுபோனால் கழிவு என்று சொல்லிப் பத்துக் கிலோவைக் கழிக்கும் வியாபாரியை அவர்கள் அறிவார்கள். அவன் சொன்ன விலை நல்ல விலையாகவே இருக்கும். கைக்கு வரும் காசுதான் குறைந்திருக்கும். மலிவு விமானக் கம்பனியின் கணக்கும் இதைப் போன்றதே. ஆசனத்துக்கு ஒரு விலை. பொதிக்கு வேறு விலை. உணவுக்கும், குடும்பத்தார் அருகருகே அமர்வதற்கும், திகதி மாற்றுவதற்கும் தனித்தனி விலை. விளம்பரத்தில் வருவது முதலாவது விலை மாத்திரமே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூவர் கொண்ட குடும்பம். முதற் கம்பனி ஆளுக்கு 30,000 ரூபா. இரண்டாவது கம்பனி 36,000 ரூபா எனக் கொள்வோம். முதலாவது 18,000 ரூபா மலிவு போலத் தோன்றும். ஆனால் முதலாவதில் பொதிக்கு ஆளுக்கு 5,000, ஆசனத்துக்கு 1,000, பணம் செலுத்தும் வசதிக்கு 500. மூவருக்கும் 19,500 ரூபா. அந்த விமானம் அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்புவதால் கற்பிட்டியிலிருந்து வான் பிடிக்க 15,000 ரூபா. ஆகமொத்தம் 1,24,500 ரூபா. இரண்டாவதில் பொதி உட்பட 1,08,000 ரூபா. அது பகலில் கிளம்புவதால் கற்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, கொழும்புக்கு ஓடும் 4ஆம் இலக்க பஸ்ஸில் மாறிக் கட்டுநாயக்காச் சந்தியில் இறங்கினால் மூவருக்கும் 2,000 ரூபா. ஆகமொத்தம் 1,10,000 ரூபா. மலிவு எனப்பட்டது 14,500 ரூபா கூடுதலாய் முடிந்தது. எண்கள் நாளுக்கு நாள் மாறும்; கணக்கிடும் முறை மாறாது. வீட்டு வாசலிலிருந்து சென்றடையும் வாசல் வரை கூட்டிப் பார்க்கவேண்டும். கைப்பொதி மாத்திரம் கொண்டு தனியே செல்லும் இளைஞனுக்கு முதற் கம்பனியே மலிவாகலாம். எது மலிவு என்பது ஏறுபவரின் தேவையைப் பொறுத்தது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட விமானப் பிரயாணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை செல்லுபடியாகும். இந்தியா 2009இலும் இலங்கை 2018இலும் அதில் இணைந்தன. பொதி தொலைந்தாலோ பழுதடைந்தாலோ தாமதித்தாலோ ஒரு பிரயாணிக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள் வரை நட்டஈடு கோரலாம். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இத்தொகை இரண்டாயிரம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. இந்த உரிமை மலிவுச் சீட்டுக்காரருக்கும் உயர்வகுப்புச் சீட்டுக்காரருக்கும் ஒன்றே. "மலிவுச் சீட்டுத்தானே, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று எந்தக் கம்பனியும் சொல்ல இயலாது.

ஆயின் காலக்கெடு உண்டு. பழுதடைந்த பொதிக்கு அதைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதித்த பொதிக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிடவேண்டும். வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படவேண்டும். விமானநிலையத்தை விட்டு வெளியேறுமுன்னரே கம்பனியின் கருமபீடத்தில் முறைப்பாட்டுப் பத்திரம் எழுதிப் பிரதி வாங்குவது அறிவுடைமை. சண்டை பிடித்துவிட்டு வெறுங்கையோடு வீடு வருபவருக்கு நீதிமன்றத்தில் காட்ட ஒன்றும் இராது.

இந்தியாவின் உள்நாட்டுப் பறப்புகளுக்கு அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமையகத்தின் விதிகள் உண்டு. முன்னறிவித்தலின்றிக் கம்பனி தன் தவறால் பறப்பை இரத்துச் செய்தால், பறக்கும் நேரத்துக்கு ஏற்ப 5,000 முதல் 10,000 இந்திய ரூபா வரை உச்சவரம்பு வைத்து நட்டஈடு விதிக்கப்பட்டுள்ளது. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதமாயின் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இவ்வுரிமைகள் நமது கடவுச்சீட்டை வைத்திருப்பவருக்கும் உரியன. கேட்கத் தெரியாமையால் இழப்பவரே பெரும்பாலோர்.

போட்டி மாத்திரம் போதுமா?

தனி மனிதன் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் அவனால் தடுக்க இயலாத தீமைகள் உண்டு. இந்தியாவின் அனுபவத்தைப் பார்ப்போம். 2003இல் எயர் டெக்கான் தோன்றி, விமானத்தைக் காணாத மக்களையும் விமானமேற்றியது. அது மறுக்கமுடியாத நன்மை. ஆனால் அதை வாங்கிய கிங்பிஷர் 2012இல் பறப்பதை நிறுத்தியது. ஜெற் எயர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. மலிவுக் கம்பனியாகிய கோ பெர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. இப்படி நிற்கும் கம்பனியின் சீட்டை முற்பணம் கொடுத்து வாங்கியவர் யார்? சட்டத்தின் பார்வையில் அவர் ஈடின்றிக் கடன் கொடுத்தவர்! வங்கியும் பிறரும் எடுத்தபின் எஞ்சியதில்தான் அவருக்குப் பங்கு. நமது நாட்டிலும் அரசாங்கம் 2007இல் மிஹின் லங்கா என்று ஒரு மலிவுக் கம்பனியைத் தொடங்கிற்று. அது நட்டத்திலேயே நடந்து 2016இல் முடிந்தது. அந்த மலிவின் விலையை விமானம் ஏறாத உழவனும் செலுத்தினான்.

கம்பனிகள் ஒவ்வொன்றாய் வீழ்ந்தபின் எஞ்சுவது ஏகபோகம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நிகழ்ந்ததை நினைவூட்டுகிறோம். இந்தியாவின் உள்நாட்டுப் பிரயாணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை ஏற்றிச் செல்லும் இன்டிகோ, விமானிகளின் ஓய்வு நேரத்தை உயர்த்திய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆளணியை ஆயத்தம் செய்யாததால், சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்தது. மற்றக் கம்பனிகளின் கட்டணங்கள் பன்மடங்கு ஏறின. அரசாங்கம் தலையிட்டு 500 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு 7,500 ரூபாவுக்கு மேல் வாங்கலாகாது என வரம்பு கட்டவேண்டியதாயிற்று. அதே வேளையில், விமானிகளின் ஓய்வு விதியையும் அக்கம்பனிக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தியது. பிரயாணிகளின் பாதுகாப்புக்கென வந்த விதி, கம்பனியின் பருமனுக்கு முன் வளைந்து கொடுத்தது. மூன்றில் இரண்டு பங்கை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, போட்டி இருக்கிறது என்று சொல்வது தன்னைத் தானே ஏமாற்றுவதன்றி வேறென்ன?

கட்டுப்பாடுகளை விதித்தால் கட்டணம் ஏறும், ஏழை மீண்டும் விமானத்தை அண்ணாந்து பார்க்கவேண்டியதுதான் என்று சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. மலிவுக் கம்பனிகள் வந்திராவிடின் மேற்கூறிய கற்பிட்டிக் குடும்பம் தாயை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருக்குமோ என்பது ஐயமே. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டிலேயே 261ஆம் இலக்க ஒழுங்குவிதியை இயற்றி, குறுந்தூரப் பறப்பு இரத்தானாலும் 250 யூரோ நட்டஈடு என்று கட்டளையிட்டது. அதன் பின்னரும் அங்கே மலிவுக் கம்பனிகள் அழியவில்லை, செழித்தன. நேர்மையான விதி மலிவைக் கொல்வதில்லை. மறைத்து வாங்கும் காசைத்தான் கொல்கிறது.

நமது கோரிக்கைகள்

ஆகவே நமது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமும் நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடமும் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, இலங்கையில் விற்கப்படும் ஒவ்வொரு சீட்டுக்கும் வரி, 20 கிலோ பொதி, கட்டாயக் கட்டணங்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்த முழு விலை முதற் பார்வையிலேயே காட்டப்படவேண்டும். அப்போதுதான் ஒரு கம்பனியை மற்றொன்றுடன் ஒப்பிடுவது பொருளுடையதாகும்.

இரண்டாவது, ஒப்பந்த நிபந்தனைகள் தமிழிலும் சிங்களத்திலும் தரப்படவேண்டும். நம்மிடம் கொண்டுவரப்பட்ட சீட்டுகளின் நிபந்தனைகள் யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. தமிழும் அரசகரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் கூறுகின்றது. அரசாங்க அலுவலகப் பலகையோடு அந்த உரிமை நின்றுவிடலாமா? தனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட நிபந்தனைக்குக் கட்டுப்படும்படி உடப்பு மீனவனைக் கேட்பது எந்த நீதி? நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றி 1997இலேயே நமது நாடு ஒரு சட்டம் இயற்றியிருக்கின்றது. ஆனால் நிபந்தனை இன்னதென்றே அறியாதவன் அச்சட்டத்தைக் கொண்டு என்ன செய்வான்?

மூன்றாவது, இரத்துக்கும் நீண்ட தாமதத்துக்கும் எவ்வளவு நட்டஈடு என்பதைத் தொகை குறித்து விதியாக்கவேண்டும். சில ஆயிரம் ரூபாவுக்காகப் புத்தளத்தவரைக் கொழும்பு நீதிமன்றத்துக்கு அலையவைப்பது உரிமை கொடுத்ததாகாது.

நான்காவது, பிரயாணிகளிடம் முன்கூட்டி வாங்கும் பணத்தை, பறப்பு முடியும்வரை, நம்பிக்கைப் பொறுப்பில் தனிக் கணக்கில் வைக்கச்செய்யவேண்டும். கம்பனி விழுந்தாலும் ஏழையின் பணம் விழலாகாது.

இவை நிறைவேறும் நாள்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கமும் விவசாயிகள் சங்கமும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும், ஆங்கிலம் அறிந்த ஓர் ஆசிரியரையோ எழுதுவினைஞரையோ இதற்கென நியமிக்கலாம். சீட்டு வாங்குமுன் அவர் வாசித்து ஐந்து வினாக்களுக்கு விடை சொல்லட்டும். பொதி எத்தனை கிலோ? மாற்றினால் எவ்வளவு? இரத்தானால் என்ன கிடைக்கும்? எத்தனை மணிக்கு இறங்கும்? முழு வழிக்கும் ஒரே பத்திரமா? படித்தவர் படியாதவருக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் இது சிறியது; செலவற்றது. நமது தொழில் செய்வோர் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க மறுப்பரெனின், அவர்கள் கற்ற கல்வியால் ஊருக்கு விளைந்த பயன் யாது?

கற்பிட்டித் தாய்க்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து கண் தெரிகிறது. அடுத்த பரிசோதனைக்கு அவர் மீண்டும் மதுரை செல்லவேண்டும். இம்முறை மகன் சீட்டை வாங்கிக்கொண்டு வரவில்லை, வாங்குமுன் வந்திருக்கின்றார். நமது மக்கள் அனைவரும் அவ்வாறு வருவார்களாக.